ஒற்றைச் சாய்கோடு

அருந்தவமலர் அக்கா சிரிக்கிறாவா சினக்கிறாவா
என்று தொலைபேசியில் பிடிபடவில்லை.
"தம்பி, என்ர ஒரு மாடு
மூண்டு நாளா பதினெட்டு லீற்றர் கறக்குதாம்.
உங்கட டப் சொல்லுது.
மாட்டுக்கு இன்னும் தெரியாது."

காலை ஐந்து ஐம்பது.
கரடிப்போக்குச் சந்திக்குப் பின்னால், வாடகை அறையில்,
ஏ-ஒன்பதில் கொழும்பு பஸ் கியர் மாற்றிப் போக
மடிக்கணினியைத் திறந்தேன்.

விசுவமடுப் பால் கொட்டிலில் ஒரே ஒரு டப்.
வருபவர் தன் எண்ணைத் தட்டுவார், பாலை ஊற்றுவார்,
லீற்றர் ஏறும், 'வெளியேறு' என்பதை அமத்துவார்.
நான் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.
நாற்பதாயிரம் பேசி, பாதி இன்னும் பாக்கி.

சேர்வருக்கு முகம் நினைவிராது.
ஒவ்வொரு தட்டுக்கும் நீ ஆர் என்று கேட்கிற பிறவி.
அதனால் முதல் தடவையே ஒரு துண்டு கொடுத்துவிடும்.
குக்கி என்று பெயர்.
ஓமந்தையில் வரிசை நின்ற எவருக்கும்
இதை விளக்கத் தேவையில்லை:
துண்டு கையில் உள்ளவரை
நீ துண்டில் எழுதியிருக்கிற ஆள்.

நான் ஒழுங்காகத்தான் கட்டினேன்.
பக்கத்தில் ஓடும் நிரல் எதுவும் பிரித்துப் படிக்காதபடி,
பூட்டிய வழியால் மட்டும் போய்வரும்படி,
வேறு தளம் கைகாட்டினால் கூடப் போகாதபடி.
உலாவியை மூடினால் செத்துப்போகும் துண்டு.
ஆனால் ஆர் மூடுகிறார்கள்?
தவக்குலசிங்கம் அதைச் சார்ச் வயரோடு
கப்பில் கட்டியல்லவா வைத்திருக்கிறார்.

ஒன்றரை மணித்தியாலம்.
கரண்ட் ஒருக்கால் போய் வந்தது.
குக்கிக்கு 'அழி' என்றொரு கட்டளை கிடையாது.
அதே பெயரில், அதே பாதையில்
இன்னொரு துண்டு எழுதிக் கொடுக்கவேண்டும்,
முடிவுத் திகதி முன்னமே கழிந்ததாக.
எல்லாரும் போடுவது
ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது, தை முதலாம் திகதி.
ஒரு வியாழக்கிழமை.
இயந்திரங்களுக்குக் காலம் தொடங்கிய நாள்.

அன்று விசுவமடுவில் என்ன நடந்ததென்று
எனக்குத் தெரியாது.
பனி பெய்திருக்கும்.
யாரோ பால் கறந்திருப்பார்கள்.
ஒருவரும் ஒருவருக்கும்
துண்டு காட்டியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வியாழனுக்குத்தான் அருந்தவமலர் அக்காவை
மூன்று நாளாய் அனுப்பிக்கொண்டிருந்தேன்,
பிழையான பாதையால்.
கொடுத்தது /பால் என்ற பாதையில்.
அழித்தது வெறும் / இல்.
உலாவிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்.
இல்லாத ஒருவரை மரியாதையாக அழித்தது.
இருந்தவர் இருந்தார்.
சேர்வரில் கிடந்த பதிவையும் நான் கிழிக்கவில்லை.
அதற்குப் பாதையில் பழி போட ஏலாது.

அடுத்ததாய் நின்ற யோகேந்திரம்
கண்ணாடி கொண்டுவருவதில்லை.
திறந்து கிடந்த பக்கத்தில்
தன் இரண்டு மாட்டுப் பாலையும்
அக்காவின் பெயரில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு இடத்திலும் ஒரே சாய்கோடு போட்டேன்.
பதிவேற்ற நாலு நிமிடம்.

அடுத்த நாள் விடிய, அதே நேரம்.
"தம்பி, இப்ப உங்கட சாமான் என்னை ஆரெண்டு கேக்குது."
"அப்பிடித்தான் அக்கா கேக்கவேணும்."
"வடிவாக் கேக்குது," என்றா.
பின்னால் கான் மூடி விழுந்த சத்தம்.

பிறகு, போனை வைக்கப்போகும்போது:
யோகேந்திரத்தின் முப்பத்தாறு லீற்றர்க் காசை
நேற்றே எண்ணிக் கொடுத்தாச்சாம்.
மெசின் திருந்தும்வரை
ஆர் காத்துக்கொண்டு நிக்கிறது?

இனி அந்த லீற்றரை அவர் பெயருக்கு மாற்றினால்
அவருக்கு இரண்டு தரம் போகும்.
மாற்றாவிட்டால்
சங்கத்தின் பதிவில் என்றைக்கும்
அந்தச் சிவத்த மாடு
மூன்று நாள் பதினெட்டு லீற்றர் கறந்ததாகவே நிற்கும்.

விட்டுவிட்டேன்.
கறந்ததாகவே இருக்கட்டும்.