இரவு 02:41:07

காஸல் நகரில் நான்காவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே ஃபுல்டா ஆறு
மூடுபனியில் இருக்கிறதா, போய்விட்டதா, தெரியாது.
திங்கட்கிழமைதோறும் நீதிமன்ற உத்தரவு வரும்.
கூடவே ஒரு பட்டியல்:
எண், தேதி, நொடி பிசகாத நேரம்,
படத்தின் பெயர்.
கடைசிக் கட்டம் மட்டும் காலி.
அதை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம்.

எண்ணைத் தட்டினால் ஆள் வரும்.
தெரு வரும், கதவிலக்கம் வரும்,
பாக்கி வைத்திருந்தால் அதுவும் வரும்.
எங்கள் இயந்திரத்துக்கு ஏழு நாள் எல்லாம் ஞாபகம் இருக்கும்.
எட்டாம் நாள் மறந்துவிடும்.
ஆகவே எப்போதும் அவசரம்,
ஆறிப்போவதற்குள் பரிமாறுவதைப் போல.

பதினோரு வருடமாக நிரப்புகிறேன்.
பாதிரியார் ஒருவர்.
தீயணைப்பு நிலையம் ஒன்று, முழுசாக.
ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பறை,
இலவச வைஃபை என்று பலகை மாட்டிய பாவம்.
ஒருவர் முகமும் பார்த்ததில்லை.
யாரோ யாரையோ கொள்ளையடித்தார்கள் என்று காகிதம் சொல்லும்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
இந்த ஊரில் இத்தனை பேருக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பரில் ஒரு திங்கள். 388ஆம் வரிசை.
தட்டினேன்.
என் பெயர் வந்தது.

என் பெயர்தான். வீடு என்னுடையதில்லை.
ஆல்முட் இருக்கும் வீடு.
விவாகரத்தில் சோபாவைப் பிரித்தோம்,
கத்தரிக்கோல்களைக் கூட எண்ணிப் பிரித்தோம்,
இணைய ஒப்பந்தத்தை மாற்ற மறந்துபோனோம்.
மாதாமாதம் முப்பத்தைந்து யூரோ
என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்ததை
மிச்சமிருக்கும் குடும்பம் என்று
விட்டுவைத்திருந்தேன்.

புதன்கிழமை, இரவு 02:41:07.
ரத்தம் தெறிக்கிற பேய்ப்படம்.

ஆல்முட் ஒன்பதரைக்கே தூங்கிவிடுகிறவள்.
இம்கே முட்டி சிராய்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள்,
பதினேழு வயது, புதன் காலை முதல் வகுப்பு வேதியியல்.
அப்படியென்றால்
யார்?

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் போனேன்:
சாவி இல்லாமல், காலணியைக் கழற்றாமல்,
கூடத்து இருட்டில்
இன்னொரு ஜோடிச் செருப்பு கிடக்கிறதா என்று
காலால் துழாவிக்கொண்டு.
களவு என்றது காகிதம்.
களவாகவே இருக்கட்டும்.
எந்தக் களவு என்று சட்டம் கேட்கவில்லை.
நான் கேட்டுவிட்டேன்.

கட்டத்தில் என் பெயரைத் தட்டினேன்.
எழுத்துப் பிழை இல்லை.

மூன்று வாரத்தில் வக்கீல் கடிதம்.
தொள்ளாயிரத்துச் சொச்சம் யூரோ.
தடித்த எழுத்தில் ஒரு வரி:
தாங்கள் இல்லையெனில் வேறு யார் எனத் தெரிவிக்கவும்.
அதற்குக் கீழே ஒரு கோடு, காலியாக.

இத்தனை காலம் நான் அனுப்பிவைத்த பெயர்களெல்லாம்
இந்தக் கோட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்,
சமையலறை மேசையில், பேனாவும் கையுமாக,
பக்கத்து அறையில் தூங்கும் பிள்ளையின் பெயருக்கு
எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டு.

போன் செய்தேன்.
"இம்கே நன்றாகத் தூங்குகிறாளா?"
"ஏன் கேட்கிறாய்?"
அந்தப் பக்கம் தண்ணீர் கொதிக்கும் சத்தம்.
இரண்டு கோப்பை வைக்கும் சத்தம் போலக் கேட்டது.
ஒன்றாகவும் இருக்கலாம்.
"சும்மா," என்றேன்.

நான்கு தவணையாகக் கட்டுகிறேன்.
படத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தேன்,
அரைமணி நேரத்தில் தூங்கிப்போனேன்.

இன்று திங்கள்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிசை.
முதல் எண்ணின் மேல் விரல் இருக்கிறது.
காபி ஆறுகிறது.
இயந்திரம் மறக்க
இன்னும் பதினாறு மணி நேரம்.