எட்டாவது பை

செம்பூரில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது.
மூன்று நாளாய் ஃப்ரீசரில் கிடந்த கடலை மிட்டாயை
கம்பளிக் கையுறையோடு பிரித்துப் பார்க்கிறோம்.
பிரியவில்லை.
உறையோடு கடித்த ஜெபசிங்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.
இது வெறும் மைனஸ் பதினெட்டு.
அங்கே இருபத்தெட்டாம்.

ஆகவே எல்லாவற்றையும் இங்கேயே உடைக்கிறோம்,
கடைவாய்ப் பல் அளவுக்கு.
நாளுக்கு ஒரு பை, மார்க்கரில் எண்.
ரவை வறுத்தாயிற்று.
நெய் மட்டும் ஒரு கிலோ,
என் கொலஸ்ட்ரால் டாக்டருக்குச் சொல்லவில்லை.
தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாய் வைக்கணும் என்கிறாள் லோகா;
உறைவது மேலிருந்துதானாம்,
மூடி திறந்தால் போதுமே.

கீழ்வீட்டு ஷிண்டே ஆன்ட்டி ஐஸ் கேட்டு வந்தார்.
ட்ரே இருந்த இடத்தில் பேரீச்சம்பழம்.
"பனிக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே இல்லையா?"
சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

ஏழு நாள், ஏழு பை.
எட்டாவது, வழி மூடிக்கொண்டால்.
அதில் யாருக்கும் பிடிக்காததைத்தான் போடணும்,
பிடித்ததென்றால் மூன்றாம் நாளே காணாமல் போகும்:
உப்பில்லாத ஓட்ஸ்,
ஜெபசிங் முகம் சுளிக்கும் உலர்ந்த அத்தி.
யோசனை என்னுடையது.

இரண்டு பேரும் தூங்கியபின்
எட்டைப் பிரித்தேன்.
கூடாரத்தைப் பனி அழுத்துகிற அந்த ஒரு நாளிலா
பிடிக்காததைத் தின்பது?
அத்திக்கு அடியில், பழைய சாக்ஸில் சுற்றி
மாட்டுங்காவில் வாங்கிய நேந்திரம் சிப்ஸ்.
நொறுங்கட்டும். எண்ணெய்ச் சரக்கு, உறையாது.

தராசில் ஐம்பது கிராம் கூடுதல்.
லோகாவின் பட்டியலில்
அதை ஏற்றவில்லை.