பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை

ஹிப் ஹாப் செத்துப்போய்விட்டது என்று
எங்கள் அறையில் முதலில் சொன்னது நான்தான்.
ஷார்ஜா, சஜா, சிமெண்ட் ஆலைக்குப் பின்னால்
ஆறு பேருக்கு ஒரு ஏசி.
மேல்கட்டிலில் நவ்ஃபல்
ஒற்றை இயர்போனைக் கழற்றிக் கேட்டான்:
"எப்போ அண்ணே? அடக்கம் எங்கே?"

அவனுக்கு இருபத்திரண்டு, காயல்பட்டினம்.
எனக்கு நாற்பத்தொன்று, ஊர் எதற்கு.
நான் சாரம் கட்டுகிறவன்,
அவன் கீழே நின்று கிளாம்ப் எடுத்துத் தருகிறவன்.

என் வாதம் சுலபம்.
முன்பு வார்த்தைக்கு எடை இருந்தது.
இருபதடிக் குழாய் மாதிரி
தோளில் ஏற்றினால் தழும்பு விழும்.
இப்போது கழுத்துச் சங்கிலி, வாடகைக் கார்,
குரலை மிஷினில் விட்டு இழுத்து
சேமியா பிழிகிறான்கள் என்றேன்.
சேமியா எனக்குப் பிடிக்கும் என்றான் நவ்ஃபல்.

ஒகெல்லோ உகாண்டாக்காரன், சைட் கேட்டில் செக்யூரிட்டி.
தன் பாஷையில் பாடிக் காட்டினான்.
எங்கே மூச்சு விடுகிறான் என்று பார்த்தேன்.
விடவே இல்லை.
நானும் என் கட்சியை விடவில்லை.

ஜூன் பாதியில் எனக்குச் சாட்சி கிடைத்தது.
கம்பெனியே கொடுத்தது.
காலை ஐந்தரை, வெள்ளை ஹெல்மெட்டுகள் கூடி
திரையில் ஒரு வீடியோ போட்டார்கள்.
மடிப்புக் கலையாத மஞ்சள் ஜாக்கெட்டில்
யாரோ ஒரு பையன் கையை வெட்டி வெட்டி
நாலு பாஷையில் ராப். தமிழ் மூன்றாவது:
"தண்ணி குடி தண்ணி குடி
வெயில் வந்தா நிழலைப் பிடி."
பார்த்தாயா, இதுதான் அடக்கம் என்றேன்.
வா, ஒரு பிடி மண் போடு.
நவ்ஃபல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்,
எனக்கல்ல, பீட்டுக்கு.

நல்ல பீட். அதை ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை
வெயிலில் வேலை கூடாது, சட்டம்.
மார்ச், ஏப்ரல், மே, மூன்று மாதம் சம்பளம் போடாத கம்பெனி
அந்தச் சட்டத்தை மட்டும் மணி பார்த்து மதித்தது.
ஜூலை முதல் வாரம்,
பார்க்கிங் தளத்தின் நிழலில் அட்டை விரித்து
முந்நூறு பேர் படுத்திருக்கையில்
அந்த பீட் கேட்டது.
கவிழ்த்த கலவை வாளிமேல் நவ்ஃபல்:

"தண்ணி குடி தண்ணி குடின்னு சொல்றியே,
எதைத் தின்னுட்டுக் குடிக்க?"

ஒருவன் எழுந்து உட்கார்ந்தான்.
அப்புறம் ஒரு வரிசையே.
ஒகெல்லோ அதை அவன் பாஷைக்குக் கடத்தினான்,
மிக்ஸர் லாரி ஓட்டும் கான் பஷ்தோவுக்கு.
"எதைத் தின்னுட்டு" மட்டும் தமிழிலேயே நின்றது.
நேபாளிகளும் அதை எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள்.
நான் சொல்லவில்லை.
இரண்டாம் அடியில் "பாக்கி"க்கு
"காபி" போட்டிருந்தான் பாவி.
அது எதுகையே இல்லை.

ஆகஸ்டில் ஒரு மாதச் சம்பளம் வந்தது.
இதனால்தான் என்று சொல்ல மாட்டேன்.
நவ்ஃபலை ராஸ் அல் கைமா சைட்டுக்கு மாற்றினார்கள்.
இதனால்தான் என்று அவர்களும் சொல்லவில்லை.

வீடியோ இன்னும் வாரம் ஒருமுறை ஓடுகிறது.
அதே ஜாக்கெட், அதே கை.
பீட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள்.
வெறும் வாயால் தண்ணி குடி என்கிறான் பையன்,
பாவமாக இருக்கிறது.

நேற்றிரவு நவ்ஃபலுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்:
செத்தது செத்ததுதான், அதில் மாற்றமில்லை.
ஆனால் "பாக்கி"க்கு "காபி" வராது தம்பி.
"தூக்கி" வைத்துப் பார்.

விடிகாலை நாலரைக்கு, பஸ் வரிசையில் நிற்கையில் பதில்.
பதினோரு நொடி. பேச்சே இல்லை, அந்த பீட்தான்.
நடுவில் ஓரிடத்தில் அதை நிறுத்தி
ஒரு வார்த்தை அளவுக்குக் காலியாக விட்டிருந்தான்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது.
"தூக்கி" அதற்குள் அடங்கவில்லை.
ஒரு மாத்திரை நீளம்.