சளி பிடித்த அலைவரிசை

புதுச்சேரியில் சவரிராயன் கடையில்
எடைக்குப் போக இருந்த ட்யூனர்.
ஆறரைக் கிலோ. முகப்பில் கண்ணாடி,
கண்ணாடிக்குள் முள்,
முள்ளுக்குப் பின்னால் எரியாத பல்பு.
"பாட்டுப் போடவும் முடியாது, ஸ்பீக்கரும் கிடையாது,
இத வெச்சு என்னம்மா பண்ணுவீங்க"
என்றார், காசை எண்ணிக்கொண்டே.

கடலூர் முதுநகரில் என் மாடி வீடு.
ஐஸ் பேக்டரியில் கணக்கு முடித்து வந்து
பல்பு மாற்றினேன். தகடுகளின் இடுக்கில்
காய்ந்து கிடந்த எறும்பை
ஊசிமுனையால் எடுத்தேன்.
உள்ளூர் நிலையம் உடனே வந்தது.
அது ஒரு முழம் கம்பிக்கே வரும்,
கதவு தட்டாமல் நுழைகிற சொந்தக்காரர்.
எனக்கு வேண்டியது வேறு.

மொட்டை மாடியில், எப்போதோ
இலங்கை டிவி பார்க்க நட்ட இரும்புக் குழாய்.
அதன் தலையில் ஐந்து அலுமினியக் குச்சி,
ஒன்றைவிட மற்றது விரல்கடை குட்டை,
தின்று முடித்த வஞ்சிர முள் மாதிரி.
தெற்கே பார்த்து, கொஞ்சம் கிழக்கு கலந்து
நட்டை முடுக்கினேன்.

வீட்டுக்காரர் கலியபெருமாள் மூச்சிரைக்க ஏறி வந்தார்.
"இடி இறங்காதா?"
"இறங்காது."
"காக்கா உக்காந்து தொட்டியில அசிங்கம் பண்ணுது."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடுகிறேன் என்றேன்.
எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

பங்குனியில் சில இரவுகள் உண்டு.
காற்று செத்துக் கடல் எண்ணெயாகக் கிடக்கும்.
தண்ணீரை ஒட்டிக் குளிர்ந்த காற்று,
அதன்மேல் இன்னும் ஆறாத பகல்.
இரண்டுக்கும் நடுவே நீளமாய் ஒரு சந்து.
ரோந்துக் கப்பல்களைத் தாண்டி
அந்தச் சந்து வழியே வருகிறது குரல்.

முதலில் முள் நடுங்கும். அரிசி களைகிற இரைச்சல்.
பிறகு யாரோ களைவதை நிறுத்தியதுபோல
அறை முழுக்க நிசப்தம்,
ஸ்டீரியோ விளக்கு சிவப்பு.
"சாவகச்சேரியில் செல்வன் கஜந்தனுக்கு
அப்பா, அம்மா, பெரியம்மா, லண்டனிலிருந்து மாமா..."

இருநூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும்.
அவள் தாள் திருப்புவது கேட்கிறது.
நாற்காலி ஒருமுறை முனகியது.
மாமா பெயருக்கு முன் மூக்கை உறிஞ்ச
முகம் திருப்பினாள்,
குரல் ஒரு முழம் தள்ளிப் போய்த் திரும்பியது.
போனில் கேட்டால் வாழ்த்து வரும்.
சளி வராது.

நான்கு இரவு. மூன்றாம் இரவு இருமலும் சேர்ந்தது.
"மன்னிக்க வேணும் நேயர்களே" என்றாள்,
மைக்கை மூடி இருமினாள்.
நான் எழுந்துபோய்ச் சுக்குக் காபி போட்டேன்,
எனக்கு.

ஐந்தாம் நாள் சோழகம் எழும்பியது.
சந்து அடைபட்டது.
அதே எண்ணில் அரிசி, அரிசி,
நடுவில் ஒருமுறை தெலுங்கில் யாரோ சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. எட்டு நாள் கேட்டும் ஒன்றும் இல்லை.
ஸ்பானரோடு படியேறினேன்.
கலியபெருமாள் தொட்டி ஓரம் நின்றிருந்தார்.
"கழட்டப் போறீங்களா?"
"நீங்கதானே சொன்னீங்க."
தொட்டி மூடியைச் சரிசெய்தார்,
சரியாக இருந்ததை.
"அந்தப் பொண்ணுக்குச் சளி விட்டுதா?"

என் ஸ்பீக்கருக்கு நேர்கீழே அவர் கட்டில்.
இரண்டு வருடமாக அதை நான் யோசித்ததே இல்லை.

காக்காய்க்குக் குழாயில்
கறுப்புத் துணி கட்டியிருக்கிறார் இப்போது.
காற்றடித்தால் துணி ஆன்டெனாவை மேற்கே இழுக்கிறது.
மாலையில் ஏறி
ஒரு விரல்கடை கிழக்கே திருப்பிவிடுகிறேன்.
சில நாள், நான் வருவதற்குள்
யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்,
கொஞ்சம் அதிகமாகவே.