பதினோரு கஜம்

லெமுவல் ட்ராஸ்க் இறந்த மறுநாள்
பத்திரிகையில் நான்கு வரி வந்தது.
மூன்று பருவம் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர்.
வெற்றி பதினொன்று, தோல்வி ஆறு, சமன் இரண்டு.
பிறகு வழக்கறிஞர்.

அந்தப் ‘பிறகு’வில்தான் நான் இருந்தேன்,
பத்தொன்பது வருடம்,
‘எல்’ எழுத்து மட்டும் சிக்கிக்கொள்ளும்
ஒரு தட்டச்சுப் பொறியோடு.

அவர் அறையில் கோப்பை இல்லை, அணிப் படம் இல்லை.
இடது காது மட்டும்
வெந்த முட்டைக்கோசு இலையாய்ச் சுருண்டிருக்கும்.
கேட்டால்,
“தலைக்கவசம் கோழைக்கு என்று நம்பிய காலம்” என்பார்.
அதற்குமேல் வாதம் கிடையாது.

மீதியைச் சொன்னவன்
நீதிமன்றச் சேவகன் ஹிராம் பௌக்கர்.
பந்தை முன்னே எறிவது அப்போது குற்றம்.
மூன்று முயற்சி, ஐந்து கஜம்.
தவறினால் பந்து எதிரிக்கு.
ட்ராஸ்க் பையன்களை ஆப்பாய் அடுக்குவாராம்,
இடுப்பு வாரில் தோல் பிடி தைத்து,
ஒருவனை ஒருவன் இழுத்து ஓட.
ஆப்பின் முனையில் எப்போதும் க்ளெம் வோஸ்பர்க்,
பன்றிப் பண்ணைக்காரர் மகன்,
வயது இருபது.

தொண்ணூற்றேழு நவம்பர். உறைந்த சேறு.
கடைசி முயற்சி, ஒரு கஜம் பாக்கி.
குவியலை ஒவ்வொரு ஆளாகப் பிரித்தார்கள்.
அடியில் கிடந்தவன் எழவில்லை.
கஜம் கிடைத்திருந்தது.
பதினொன்றில் அதுவும் ஒன்று.

அடுத்த பருவமும் அவர் விலகவில்லை.
ஹிராம் இதைக் குரல் தாழ்த்திச் சொன்னான்.
நான் பதில் சொல்லவில்லை.
இன்றும் என்னிடம் பதில் இல்லை.

பதினான்காம் வருடம் மார்ச்சில்
தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார் ஐசக் வோஸ்பர்க்.
பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளிவிட்டான்,
பதினோரு கஜம்.
ஊரில் வேறு இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள்.
ட்ராஸ்க் நாற்காலியைக் காட்டினார்.
கிழவர் உட்காரவில்லை.

நில அளவையாளன் பனியில் மாட்டிக்கொண்டான்.
இவரே சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போனார்.
நான் நோட்டோடு வண்டியிலேயே இருந்தேன்.
ஒரு முனை கிழவர் கையில்,
மறுமுனை இவர் கையில்.
நடுவில் சங்கிலி தொய்ந்து சேற்றைத் தொட்டது.
“இழுத்துப் பிடி” என்றார் கிழவர்.
அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.
இவர் மண்டியிட்டு, இழுத்துப் பிடித்து,
முளை அடித்தார்.
சுத்தியல் இரண்டு முறை குறி தவறியது.

வழக்கு ஜெயித்தது.
இருபத்திரண்டு டாலர் என்று பில் அடித்தேன்.
கிழித்துப்போட்டார்.
ஒன்றுமில்லை என்று அடிக்கச் சொன்னார்.
கிழவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.
கோட்டுப் பையிலிருந்து நோட்டும் சில்லறையுமாய்
இருபத்திரண்டை மேஜையில் எண்ணி வைத்து
ரசீது கேட்டார்.

அவசரமாய் அடித்ததில் ‘எல்’ விழவில்லை.
பெயரின் முதல் எழுத்தை
ட்ராஸ்க் பேனாவால் போட்டார்.
நகல் என்னிடம் இருக்கிறது.
அந்த இடத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கும்.