ஆறாம் பக்கம்

கணபதியில், லேத்துப் பட்டறைக்குப் பின்னால்
கிரைண்டரைப் பிரித்து வைக்கிறேன்.
உருட்டுக்கல் தனி, டிரம் தனி.
சேர்த்து விட்டால்
கடல் தாண்டும்வரை பொறுத்திருந்து
தன் டிரம்மைத் தானே இடிக்கும் கல்.
வெளியடியெல்லாம் அப்புறம்.

இரட்டை அட்டை. மூலைக்கு நாலு விரல் தெர்மாகோல்.
குலுக்கிக் காது வைப்பேன்;
சத்தம் கேட்டால் மறுபடி பிரிப்பேன்.
இடுப்புயரத்திலிருந்து ஒன்றைக் கீழே போட்டும் பார்ப்பேன்,
பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.
'இந்தப் பக்கம் மேலே' அம்புக்குறியை
எந்த ஊர் லோடுமேனும் நம்பியதில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள்
குமிழ்த்தாள் தீர்ந்துபோனது.
சந்துக்கெல்லாம் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்தேன்,
யாருக்கும் சொல்லாமல்.

நாற்பது நாள் கழித்து வின்னிபெக்கிலிருந்து,
'பேக்கிங்: துளசிமணி' சீட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள்:
கிரைண்டருக்கு ஒரு கீறல் இல்லைங்க.
மாவுதான் பொங்க மாட்டேங்குது, குளிர்.
உள்ளே இருந்த பேப்பரில்
தாராபுரம் ரோட்டில் காணாமல் போன எருமை
'தொடர்ச்சி ஆறாம் பக்கம்' என்று நிற்குதுங்க.
கிடைச்சுதுங்களா?

பட்டறை முழுக்கத் தேடினேன்.
ஆறாம் பக்கம்
மெல்பர்னுக்குப் போன பெட்டியில்,
கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில்.