முப்பது கட்டங்கள்

கெச்சியாவ் துணிச்சந்தைக்குப் பின்னால்
வங்கியின் ஆறாம் ஜன்னல்.
மூன்றாவது முறை வந்திருக்கிறேன்.
சுவான் என்ற பெண்
காகிதக் கோப்பையில் வெந்நீர் தருகிறாள்.
கெட்ட செய்தி இருந்தால் வெந்நீர் முதலில் வரும்.

பெயருக்கு முப்பது கட்டங்கள்.
எனக்கோ ரோமன் எழுத்தில் முப்பத்தைந்து,
நடுவில் இரண்டு இடைவெளி வேறு.
அந்த்ரியாமிஹாஜரிவோ ட்சிலாவினா ஹெரினியாயினா.
மடகாஸ்கரில் இதை நீளமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.
வகுப்பில் என்னைவிட நீண்டவர்கள் இருந்தார்கள்,
டீச்சர் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்வார்,
அவ்வளவுதான்.

வங்கி இடைவெளியையும் எழுத்தாக எண்ணியது,
'ஹெர்' என்று நின்றது.
தொலைபேசிக் கம்பெனி இடைவெளியை விழுங்கிவிட்டு
'ஹெரின்' வரை வந்தது.
ஆகவே
பணம் வைத்திருப்பவன் ஒருவன்,
போன் வைத்திருப்பவன் இன்னொருவன்.
இரண்டு பேருக்கும் ஒரே முகம்,
ஒரே வாடகை பாக்கி.
ஹெரினியாயினா என்றால் உயிரின் வலு.
இரு தரப்பும்
உயிர் தொடங்குமுன் வெட்டிவிட்டார்கள்.

நான் துணி வாங்கி ஊருக்கு அனுப்புகிறவன்.
இரண்டு விரல் கூட விட்டு வெட்டப்பா,
தைப்பவளுக்கு மடித்தடிக்க இடம் வேண்டும் என்று
கிடங்குப் பையன்களிடம் தினமும் கத்துகிறவன்.

"மேய் பான்ஃபா" என்கிறாள் சுவான்.
வழியில்லை என்று அர்த்தம்.
இதைக் கோபமாகச் சொல்லி நான் யாரையும் கண்டதில்லை,
மேகமாக இருக்கிறது என்பதுபோலச் சொல்வார்கள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"பெயரைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள முடியாதா?"
அவளுக்கு மொத்தமே இரண்டு எழுத்து.
அதில் எதை விடுவாய் என்று கேட்க நினைத்து
வெந்நீரைக் குடித்தேன்.

ஹாங்சோ ரயிலுக்கு
அட்டையைத் தொட்டால் எல்லோருக்கும் கதவு திறக்கிறது.
என் பாஸ்போர்ட்டுக்கு ஓரத்து வாசல்.
காவலர் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்,
பின்னால் ஒரு குழந்தை என் முடியைத் தொட்டுப் பார்க்கிறது,
ரயில் போய்விடுகிறது.
டாக்சிக்காரர் பரிவோடு கேட்கிறார்:
ஆப்பிரிக்காவா, இந்தக் குளிர் தாங்குமா?
அன்ட்சிராபேயில் ஜூலையில் புல்லெல்லாம் உறைபனி என்றேன்.
நல்ல நகைச்சுவை என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

ஒரு காலை,
கையில் சோயாப்பால், வாயில் பொரித்த மாவுக்குச்சி,
போன் சொல்கிறது:
உங்களைச் சரிபார்க்க முடியவில்லை.
நூறு யுவான் தாள் ஒன்றை நீட்டினேன்.
கடைக்காரி குய்ஃபென் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
சந்தேகமில்லை,
தாளைப் பார்த்து நாளாகியிருந்தது.
சில்லறை இல்லை.
பழக்கடையில் இல்லை, சாவி செய்பவரிடமும் இல்லை.
தெருவில் அத்தனை பேரும் போனைத் தூக்கிக் காட்டினார்கள்.
கடைசியில் எண்ணெய்க்கறை படிந்த நோட்டில்
ஒரு குடை வரைந்தாள்.
ஜூன் மழையில் நான் அவள் கடையில் விட்டுப்போனது.
பக்கத்தில் எழுதினாள்: 95.5

மறுநாள் 91.
அதற்கடுத்த நாள் 86.5.
கட்டம் போடாத நோட்டு.
குடை எந்தப் பக்கத்துக்கும் வளைந்துகொண்டது.

ஏழாம் நாள்
வங்கியிலிருந்து குறுஞ்செய்தி:
மதிப்பிற்குரிய அந்த்ரியாமிஹாஜரிவோ ட்சிலாவினா ஹெர்,
அசல் ஆவணங்களுடன் நேரில் வரவும்.
மழை பிடித்துக்கொண்டது.
குய்ஃபென், என் குடை என்றேன்.
என் சீனத்தில் எந்தத் தொனி எங்கே வழுக்கியதோ,
நோட்டைப் பிரித்து
விரல் வைத்துக் காட்டினாள்:
குடை பத்திரம்,
68.5.

பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நனைந்தபடி ஆறாம் ஜன்னலுக்குப் போனேன்.
சுவான் என்னைப் பார்த்தாள்,
எழுந்தாள்,
வெந்நீர் பிடிக்கப் போனாள்.